பதாகையில் இருக்கும் என் முகம் ஆரோக்கியமானது அல்ல என்பது பற்றி

அனுப்புநர்:
க. சண்முகவடிவு,
தமிழ்ப் பாட ஆசிரியை,
ஆறாம் லயம், மேல் டிவிசன்,
கிளென்ஃபாரல் தோட்டம்,
மஸ்கெலியா வழி.

பெறுநர்:
சுகாதார வைத்திய அதிகாரி அவர்கள்,
கருங்கல்லாறு சுகாதாரப் பிரிவு.

பொருள்: கிளென்ஃபாரல் தோட்ட டிஸ்பென்சரி வாசலில் தொங்கும் "ஆரோக்கியமான தாய், ஆனந்தமான குடும்பம்" என்ற பதாகையை வெள்ளிக்கிழமைக்கு முன் இறக்குவதும், அதைப் பார்த்து ஏமாந்திருக்கும் ஒரு கர்ப்பிணியைக் காப்பாற்றுவதும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. மேற்படி பதாகையில் பட்டுச் சேலையும் கை நிறைய வளையலுமாகச் சிரித்துக்கொண்டிருக்கும் கர்ப்பிணி நான்தான். படம் உண்மையானது. ஆளும் உண்மையானவள். கீழே எழுதப்பட்டிருக்கும் சொற்கள் மட்டுமே பொய். அந்தப் படம் எடுக்கப்பட்ட அன்று எனக்குப் பிரீஎக்லாம்ப்சியா முற்றியிருந்தது. கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் ஏறி, முகமும் கையும் வீங்கி, கவனிக்காமல் விட்டால் வலிப்பாக மாறித் தாயையும் பிள்ளையையும் கொண்டுபோகும் நோய் அது என்பதைத் தங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் பதாகையின் மேல் மூலையில் தங்கள் அலுவலகத்தின் சின்னம் இருப்பதால், விளக்கினாலும் குற்றமில்லை என்று துணிந்தேன்.

2. இதை இன்று எழுதுவதற்குக் காரணம் எங்கள் பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கும் வினோதா. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். முதல் பிள்ளை, ஏழாம் மாதம். சில நாட்களாக அவளுடைய முகம் பதாகையில் உள்ள என் முகத்தைப் போல ஆகிக்கொண்டு வருகிறது. இதில் அவளும் அவளுடைய வீட்டாரும் பெரு மகிழ்ச்சி அடைந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அவளுக்கு வளைகாப்பு. அது முடியும் வரை ஆஸ்பத்திரி என்ற பேச்சுக்கே இடமில்லை என்கிறார்கள். நாளை பௌர்ணமி, போயா விடுமுறை. ஆகவே வளைகாப்புக்கு முன் தங்கள் அலுவலகம் திறந்திருக்கும் கடைசி நாள் இன்றுதான்.

3. அந்த முகம் எப்படிப் பதாகைக்கு வந்தது என்பதைச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்குக் கிடைக்கக்கூடிய உயர்ந்த பாராட்டு "பூரிச்சிட்டா" என்பதாகும். ஒல்லியாக வந்த மருமகள் ஊதிப்போனால், புகுந்த வீட்டில் அவளுக்கு நன்றாகப் போடுகிறார்கள் என்று பொருள். ஆகவே எங்கள் லயங்களில் வீக்கம் என்பது மருமகளின் உடல்நிலை அல்ல, மாமியாரின் நற்பெயர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் வளைகாப்பு அன்று, வாங்கி வைத்திருந்த வளையல்கள் என் கையில் ஏறவில்லை. மாதத் தொடக்கத்தில் அளவு பார்த்து வாங்கியவை. உடனே சோப்பு கொண்டுவரப்பட்டது. "டீச்சருக்குக் கை எப்பிடி மொழுமொழுன்னு ஆயிருச்சு பாருங்க" என்று ஒருவர் சொல்ல, "பின்ன, மாமியாக்காரி கை அப்பிடி" என்று இன்னொருவர் சொல்ல, என் மாமியார் வெட்கத்தோடு தலை குனிந்துகொண்டார். எல்லோரும் சேர்ந்து இழுத்து ஏற்றிவிட்டார்கள். அவ்வளவு ஒற்றுமையை நான் தொழிற்சங்கக் கூட்டங்களில்கூடக் கண்டதில்லை.

4. தோட்ட வைத்திய உதவியாளர் திரு. விஜிதரனையும் மரியாதை கருதி அழைத்திருந்தோம். எங்கள் டிஸ்பென்சரி முழுவதும் அவர் ஒருவரே. புளிச் சாதம் சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்தபடி வந்தவர், என்னைப் பார்த்ததும் தொலைபேசியை எடுத்தார். "டீச்சர், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. என்னா ஒரு களை முகத்துல!" என்றார். மருத்துவம் கற்ற ஒருவர், ஒரு கை தூரத்தில் நின்று, வீங்கிய இமைகளையும் வீங்கிய விரல்களையும் பார்த்து, வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று மட்டும் கவனித்தார். படம் நன்றாக வந்திருக்கிறது. அதில் எனக்கு முறைப்பாடு இல்லை.

5. அந்த நாட்களில் எனக்குத் தலைவலி விடாமல் இருந்தது. பிள்ளைகளோடு கத்துவதால் என்றார்கள். கண் முன்னால் மின்மினி பறந்தது. புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் என்றார்கள். படித்த பெண்ணுக்கு எந்த நோய் வந்தாலும் எங்கள் ஊரில் காரணம் புத்தகம்தான். நெஞ்சுக்குழிக்குக் கீழே, வலது பக்கமாக, பிடித்துப் பிசைவது போல் வலித்தது. வாய்வு என்று ஓமத் தண்ணீர் தந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும் ஒரு கைமருந்தும் இருந்தன. இவை எல்லாம் ஒரே நோயின் அறிகுறிகள் என்று சொல்ல மட்டும் ஆளில்லை. மாதந்தோறும் கிளினிக்குக்குப் போனேன். அங்கே கீரை சாப்பிடும்படி சொல்லித் தந்தார்கள். கீரை நல்லது.

6. டிஸ்பென்சரியில் பிரஷர் பார்க்கும் கருவி ஒன்றும் உண்டு. அதன் ரப்பர் பையில் எங்கோ ஓட்டை. அமுக்க அமுக்க "உஸ்" என்று பெருமூச்சு விடும். முள் பாதி வழி ஏறிக் களைத்துத் திரும்பிவிடும். ஆனாலும் எங்கள் டிவிசனில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நூற்றிருபதுக்கு எண்பது என்றே பதிவாகிறது. குண்டானவர், மெலிந்தவர், மேட்டு லயத்திலிருந்து மூச்சிரைக்க இறங்கி வந்தவர், தலைசுற்றி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டவர் என்ற பேதமே இல்லை. நாட்டில் வேறெந்தத் துறையிலும் எட்டப்படாத சமத்துவம் இங்கே எட்டப்பட்டிருக்கிறது. இதுபற்றிப் பின்னர் நான் கேட்டபோது, "மிசின் பழசுதான் டீச்சர். ஆனா எனக்குக் கை பழகிருச்சு. ஆளப் பாத்தாலே அளவு சொல்லிருவேன்" என்று விளக்கம் தந்தார் திரு. விஜிதரன். அவர் ஆளைப் பார்த்து என்ன சொல்வார் என்பதை மேலே நான்காம் பந்தியில் குறிப்பிட்டிருக்கிறேன்.

7. வளைகாப்பு முடிந்து சில நாட்களில் தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தது. பட்டப்பகல். தேர் எங்கள் லயத்து வாசலுக்கு வந்து, தப்பு மேளச் சத்தம் உச்சத்தில் இருந்தபோது, தேங்காய்த் தட்டோடு நின்ற நான் விழுந்தேன். இனி வருவது நான் கண்டதல்ல. கண்டவர்கள் சொன்னது. எனக்குக் கை கால் வெட்டி இழுத்திருக்கிறது. கண் மேலே சொருகியிருக்கிறது. அம்மன் இறங்கிவிட்டாள் என்று உடனே தீர்மானிக்கப்பட்டது. தப்பு இன்னும் பலமாக அடிக்கப்பட்டது. வேப்பிலையால் வீசினார்கள். குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். தோட்டத் தலைவர் திரு. அழகன் முன்னால் வந்து கை கூப்பி, "ஆத்தா, மேல் டிவிசன் ரோட்ட எப்பத்தான் ஆத்தா போடுவாங்க?" என்று கேட்டிருக்கிறார். நான்கு தேர்தல்களில் எவரும் விடை சொல்லாத கேள்வி அது. அம்மனும் சொல்லவில்லை. நாக்கைக் கடித்திருந்தாள். வாயோரத்தில் இரத்தத்தைக் கண்டதும், "ஆத்தா பலி கேக்குறா! சேவலக் கொண்டாங்கடா!" என்று ஒரு குரல் எழுந்ததாம். சேவலைப் பிடிக்க ஆட்கள் ஓடினார்கள். என்னைத் தூக்க எவரும் ஓடவில்லை. சாமியைத் தொடலாமா?

8. அந்தக் கூட்டத்தில் டோரீன் இருந்தது என் அதிர்ஷ்டம். பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டோரீன் வேதக்காரர், கிறிஸ்தவர். அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று நம்பிவிட்டுச் சும்மா நிற்கும் வசதி அவருக்கு இல்லை. ஆகவே கண்ணால் கண்டதை மட்டும் கண்டார். "அடப் பாவிகளா, இது சாமி இல்லடா, வலிப்பு! புள்ளத்தாச்சி சாகப் போறாடா! தப்ப நிப்பாட்டிட்டு லொறிய எடுங்கடா!" என்று கத்திக்கொண்டு என்னை ஒரு பக்கமாகப் புரட்டிப் படுக்க வைத்திருக்கிறார். தேரை மறித்ததற்காக அவரை இன்றும் சிலர் திட்டுகிறார்கள். ஏற்கெனவே பாதி நிறைந்திருந்த கொழுந்து லொறியில், சாக்குகளின் மேல் கிடத்தி, என் கணவர் கிஷாந்தும் டோரீனும் என்னைக் கொண்டுபோனார்கள். அன்று கொழுந்து கசங்கி வீணானது பற்றித் தோட்ட நிர்வாகம் முறையான விசாரணை நடத்தியது. மற்றதைப் பற்றி எவரும் விசாரிக்கவில்லை.

9. ஆஸ்பத்திரியில் என்னைக் காப்பாற்றினார்கள். அதற்கு நான் சாகும் வரை நன்றியுடையவள். மருந்து ஏற்ற நரம்பு தேடுவதற்காக வளையல்களை ஒவ்வொன்றாக உடைத்து எடுத்தார்களாம். நினைவு திரும்பிய பின், ஓர் இளம் வைத்தியர் சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். தலைவலி இருந்ததா, கண் மங்கியதா, மேல் வயிறு வலித்ததா, முகம் வீங்கியதா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றேன். பிறகு ஏன் வரவில்லை என்று கேட்டார். குழந்தை பெண். உயிரோடு பிறக்கவில்லை. இந்தப் பந்தியில் மேலும் எழுதுவதற்கு எதுவுமில்லை.

10. பதாகை அதற்கும் பிறகு வந்தது. முன்மொழிவு, அனுமதி, மதிப்பீடு, மறு மதிப்பீடு என்று அதற்கு வேண்டிய காலம் முழுவதும் கொடுக்கப்பட்டு, நிறைமாதத்தில் நல்லபடியாக அச்சாகி வந்தது. ஒரு காலைப் பாடசாலைக்குப் போகும் வழியில் தலை நிமிர்ந்து பார்த்தேன். டிஸ்பென்சரி வாசலில் நான் வயிற்றில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். படத்தில் இரண்டு உயிர்கள் இருக்கின்றன. ஒன்றுதான் இம்மனுவை எழுதுகிறது. திரு. விஜிதரனிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சற்றே வருத்தத்தோடு, "லட்சணமா ஒரு படம் தேவப்பட்டுச்சு டீச்சர். அதுக்கப்புறம் நடந்தது படத்துல தெரியல தானே?" என்றார். இதற்குப் பதிலளிக்கத் தக்க சொல்லைத் தமிழில் தேடினேன். கிடைத்தவை எவையும் மனுவில் எழுதத் தக்கவை அல்ல.

11. கடந்த ஆண்டு இதுபற்றித் தங்கள் அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் வந்தது. பதாகை மூன்றாண்டுத் திட்டத்தின் கீழ் வைக்கப்பட்டிருப்பதால், காலம் முடியுமுன் அகற்ற ஏற்பாடு இல்லை என்று அதில் இருந்தது. மேலும், நான் காலைப் பெரட்டில், வேலைக்குக் கூடும் பெண்களிடம் இந்நோயின் அறிகுறிகளைச் சொல்லி வருவதாகத் தெரியவந்திருப்பதாகவும், அது "கர்ப்பிணித் தாய்மார் மத்தியில் அநாவசிய பீதியை" உண்டாக்குவதாகவும் கூறப்பட்டிருந்தது. ஐயா, தாங்கள் ஒருமுறை எங்கள் பெரட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். அட்டைக்கும், குளவிக்கும், மழைக்கும், கங்காணிக்கும், இடிந்து விழப்போகும் லயத்துக் கூரைக்கும் நடுவே எங்கள் பெண்கள் ஒருநாளும் பீதி அடைந்ததில்லை. அதுதான் சிக்கல். தலைவலிக்குப் பயப்பட அவர்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை. நான் சொல்லித் தரப் பார்த்தேன். அதற்குத் தடை வந்திருக்கிறது. பதாகைக்கு இல்லை.

12. இனி வினோதா. அவள் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் மலைக்குப் போகிறாள். கேட்டால், "கூடக் கயிறு அமுக்குது டீச்சர், அதான் மண்டக் குத்து" என்கிறாள். கூடைக் கயிறு எங்கள் பெண்களின் நெற்றியில் நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக அமுக்குகிறது. ஆகவே எந்தத் தலைவலிக்கும் அதுவே பொறுப்பு. திங்கட்கிழமையிலிருந்து அவளுக்கு எழுத்து மங்கலாகத் தெரிகிறது. தொலைபேசியைத் தூர வைத்துப் பார்க்கிறாள். நேற்று அவளை என் வீட்டுக்கு அழைத்து, நான் ஹட்டனில் வாங்கி வைத்திருக்கும் சிறு கருவியால் பிரஷர் பார்த்தேன். நூற்று அறுபத்தைந்துக்கு நூற்றுப் பத்து. இரண்டு முறை பார்த்தேன். அன்று காலையில்தான் டிஸ்பென்சரியில் பார்த்திருக்கிறார்கள். அங்கே எவ்வளவு என்பதைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம். அவள் பயப்படவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "நானும் உங்க படம் மாதிரி வந்துட்டேன்ல டீச்சர்?" என்று கேட்டாள்.

13. அவளுடைய கணவர் தர்ஷனிடம் சொன்னேன். "டீச்சரோட மிசினு டீச்சருக்கு நடந்ததத்தான் காட்டும்" என்றார். மாமியார் ராசம்மாவிடம் சொன்னேன். ராசம்மா கெட்டவர் அல்ல. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது தினமும் கஞ்சி கொண்டுவந்தவர். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோவிச்சுக்காதீங்க டீச்சர். நீங்க படிச்சவங்க, எல்லாம் சரிதான். ஆனா புள்ளயப் பறிகுடுத்த வாயி. இவ விசயத்துல மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க. வளையலு ஏறட்டும். அப்புறம் எந்த ஆஸ்பத்திரிக்கு வேணும்னாலும் கூட்டிட்டுப் போறோம்" என்றார். வளைகாப்புக்கு என்னை அழைக்கவில்லை. பிள்ளையை இழந்தவள் அங்கே போவது வழக்கமில்லை. அதை நான் அறிவேன். ஆனால் என் படம் அழைக்கப்பட்டிருக்கிறது. வினோதாவை அந்தப் பதாகைக்கு முன் நிறுத்திப் படம் எடுப்பதற்குத் திரு. விஜிதரன் ஒப்புக்கொண்டிருக்கிறாராம். ஆக, எங்கள் தோட்டத்தில் என் படம் மங்களம், நான் அமங்களம். என் வாயிலிருந்து வரும் உண்மையை விட, என் முகத்தின் மேல் அச்சடிக்கப்பட்ட பொய்க்கு மதிப்பு அதிகம். அதன்மேல் தங்கள் சின்னம் வேறு இருக்கிறது.

14. ஆகவே தங்களிடம் நான் கேட்பது இவைதான். அந்தப் பதாகையை உடனே இறக்க வேண்டும். டிஸ்பென்சரியின் பிரஷர் கருவிக்கு ஓய்வு கொடுத்து, காற்று நிற்கும் ஒன்றைத் தர வேண்டும். சிறுநீரும் ஒவ்வொரு கிளினிக்கிலும் சோதிக்கப்பட வேண்டும். பெரட்டில் பேச எனக்கு அனுமதி தர வேண்டும், அல்லது தமிழ் தெரிந்த ஒரு மருத்துவ மாதுவை அனுப்ப வேண்டும். அவர் வந்தால் நான் மகிழ்ச்சியோடு வாயை மூடிக்கொள்வேன். திட்டத்தின் காலம் முடியும்வரை பதாகை ஒன்று கட்டாயம் தொங்கத்தான் வேண்டுமானால், என் படத்தையே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மறுப்பில்லை. சொற்களை மட்டும் மாற்றுங்கள்: "முகமும் கையும் இப்படித் திடீரென்று வீங்கினால், தலைவலி விடாமல் இருந்தால், கண் மங்கினால், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலித்தால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளை பிறந்து ஆறு கிழமை வரையும் இது வரலாம். வலிப்பு வந்தால் அது சாமி அல்ல." கடைசி வசனத்துக்குத் தோட்டத் தலைவரின் ஆட்சேபம் வரக்கூடும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

15. அலுவலகங்களில் ஒரு மனுவின் முதல் பந்தியும் கடைசிப் பந்தியும் மட்டுமே படிக்கப்படும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனவே மிக அவசரமானதை இங்கே வைத்திருக்கிறேன். இம்மனுவைத் தபாலில் அனுப்பவில்லை. இதைத் தங்கள் கையில் கொடுத்துவிட்டு மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கும் பெண்தான் வினோதா. ஆஸ்பத்திரி என்று சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டாள். டீச்சரின் படத்தை இறக்கச் சொல்லும் மனு, பெரிய டொக்டரிடம் நேரில் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். இறக்கிய இடத்தில் தன் படம் வரக்கூடும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். ராசம்மாவும் அப்படி நினைத்துத்தான் பட்டுச் சேலை கட்டி அனுப்பியிருக்கிறார். நான் அதை மறுக்கவில்லை. டோரீனும் நானும் வெளியே ஆட்டோவோடு நிற்கிறோம். ஆஸ்பத்திரிக்குப் போக அவளுக்கு வேண்டிய உடுப்பு டோரீனின் பையில் இருக்கிறது.

மனுவில் முத்திரை குத்துவதற்கு முன், தயவுசெய்து அவளை உட்கார வைத்து, தங்கள் கருவியால் பிரஷர் பாருங்கள். அதன் பின் செய்ய வேண்டியதைத் தாங்கள் அறிவீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போ என்று நான் சொன்னால் அபசகுனம். தாங்கள் சொன்னால் உத்தரவு. அந்த ஒரு வசனத்தை அவளிடம் சொல்லிவிடுங்கள். மற்றக் கோரிக்கைகள் திட்டத்தின் காலம் முடியும்வரை காத்திருக்கலாம்.

முகம் நன்றாக இருக்கிறது, ஒரு படம் எடுங்கள் என்று அவள் கேட்டால், எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் பதாகையில் உள்ளவள்,

(ஒப்பம்)
க. சண்முகவடிவு

இடம்: சுகாதார வைத்திய அதிகாரி அலுவலக வாசல், கருங்கல்லாறு
திகதி: 12.03.2025, புதன்கிழமை